தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமும் குழந்தை உணவுப் பழக்கமும்

தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்பது 1980ஆம் ஆண்டில் உலக வங்கியின் கடனுதவியுடன் தமிழக அரசு தொடங்கிய கிராமப்புறத் திட்டமாகும். மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் சோதனை முறையில் ஆரம்பிக்கப்பட்டுப் பின்னர் ஆறு மாவட்டங்களுக்கு விரிவடைந்தது. 6 மாதம் முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகளே இதன் முதன்மைப் பயனாளிகள். எல்லாக் குழந்தைகளுக்கும் உணவு வழங்குவது இதன் நோக்கமன்று. எந்தக் குழந்தையின் வளர்ச்சி தடைப்படுகிறது என்பதை முன்கூட்டியே கண்டறிந்து, அந்தக் குழந்தைக்கு மட்டும் சில மாதங்கள் கூடுதல் உணவு கொடுத்து, அதே வேளையில் வீட்டு உணவுப் பழக்கத்தைத் தாயே மாற்றிக்கொள்ளக் கற்றுக்கொடுப்பதுதான் நோக்கம். மக்களுக்குக் கல்வி புகட்டுவதன் மூலம் குழந்தைகளின் ஊட்டக்குறைவைப் போக்க முடியுமா என்ற கேள்விக்கு உலக அளவில் இன்றும் எடுத்துக்காட்டாகப் பேசப்படும் திட்டங்களுள் இதுவும் ஒன்று.

சவலைப் பிள்ளை

ஊட்டக்குறைவு என்ற சொல் பாடப்புத்தகங்களில் வருவதற்கு நெடுங்காலம் முன்பே தமிழில் 'சவலை' என்ற சொல் இருந்தது. அடுத்த பிள்ளை வயிற்றில் தங்கியதாலோ பிறந்துவிட்டதாலோ தாய்ப்பால் கிடைக்காமல் மெலிந்து, சிணுங்கி, எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கும் மூத்த குழந்தையைக் கிராமங்களில் 'சவலைப் பிள்ளை' என்பார்கள். ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் காணப்பட்ட, உடல் வீங்கும் ஊட்டக்குறைவு நோயை 1930களில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் விவரித்தபோது, அங்குள்ள மக்கள் வழங்கிய 'குவாஷியோர்கர்' என்ற பெயரையே அதற்கு வைத்தார். அடுத்த குழந்தை வந்ததால் இடம் இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து. ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள் ஒரே உண்மையைக் கண்டு பெயரிட்டிருக்கின்றன. தாய்ப்பால் மட்டும் போதாமல் ஆகும் காலத்துக்கும், குடும்பத்தாரோடு உட்கார்ந்து தானே அள்ளித் தின்னும் காலத்துக்கும் இடையில்தான் குழந்தை நலிகிறது என்பதே அந்த உண்மை.

குழந்தையின் எடை பிறந்தபோது இருந்ததைப்போல ஐந்தாறு மாதத்தில் இரு மடங்காகவும், ஒரு வயதில் மும்மடங்காகவும் ஆக வேண்டும். மூளையின் வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. இந்தக் காலத்தில் உயரம் குறைந்துபோன குழந்தை பின்னாளில் நன்றாகச் சாப்பிட்டாலும் இழந்த வளர்ச்சியை முழுமையாக ஈடுசெய்வது கடினம். ஆகவேதான் கருவுற்ற நாள் முதல் இரண்டாவது பிறந்தநாள் வரையிலான காலத்தை 'முதல் ஆயிரம் நாட்கள்' என்று மருத்துவ உலகம் தனியாகக் கணக்கிடுகிறது.

தமிழ்நாட்டுக்குக் குழந்தைகளுக்குச் சோறு போடும் வழக்கம் புதிதன்று. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலை 1ஆம் நாள் சத்துணவுத் திட்டம் வந்தது. இரண்டும் பல இலட்சம் குழந்தைகளைப் பசியிலிருந்து காத்தவை. ஆனால் முன்னது பள்ளிப் பிள்ளைகளுக்கானது. பின்னதும் தட்டின் முன் தானே உட்கார்ந்து உண்ணக்கூடிய இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளில்தான் தொடங்கியது. எட்டு மாதக் குழந்தை சத்துணவுக் கூடத்துக்கு நடந்து வராது. அதற்கு உணவு ஊட்டப்படும் இடம் வீடு. ஊட்டுபவர் தாய் அல்லது பாட்டி. அரசின் அகப்பை எட்டாத அந்த இடத்துக்குப் போய்ச் சேரக்கூடியது கல்வி ஒன்றுதான்.

ஒரு கிண்ணம் கஞ்சியின் கணக்கு

வீட்டில் அரிசி இருந்தும் குழந்தை மெலிவது எப்படி என்பதைச் சிறு கணக்கின் மூலம் விளங்கிக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஓரளவு தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதற்கு மேல் இணை உணவிலிருந்து 6 முதல் 8 மாதம் வரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிலோகலோரியும், 9 முதல் 11 மாதம் வரை 300 கிலோகலோரியும், அதன்பின் இரண்டு வயது வரை 550 கிலோகலோரியும் தேவை. குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 30 மி.லி. அளவே கொள்ளும். அதாவது 8 கிலோ எடையுள்ள பத்து மாதக் குழந்தைக்கு 240 மி.லி.

நீர்க்கக் காய்ச்சிய அரிசிக் கஞ்சி 100 மி.லி.யில் சுமார் 30 கிலோகலோரிதான் இருக்கும். அதை வயிறு முட்ட முட்ட மூன்று வேளை கொடுத்தாலும் 216 கிலோகலோரியே சேரும். குழந்தைக்கு வேண்டிய 300 வராது. தாய் தன் கடமையைச் செய்துவிட்டாள், குழந்தையின் வயிறும் நிறைந்துவிட்டது, இனி வேண்டாம் என்று முகத்தையும் திருப்பிக்கொள்கிறது. இருந்தும் அது பட்டினி கிடக்கிறது. அதே அரிசியோடு பருப்பைக் குழைய வேகவைத்து, கரண்டியிலிருந்து வழிந்து ஓடாமல் நிற்கும் பதத்தில் மசித்து, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ விட்டால், 100 மி.லி.யில் 90 கிலோகலோரி வரை சேர்க்கலாம். அப்போது வேளைக்கு அரைக் கிண்ணம், அதாவது 120 மி.லி. போதும், மூன்று வேளையில் 324 கிலோகலோரி கிடைத்துவிடும். எண்ணெயின் பங்கு மட்டும் தேக்கரண்டிக்கு 40 கிலோகலோரி.

கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைக்கும் பழைய வழக்கத்துக்கும் இங்கே இடமுண்டு. முளைக்கும்போது தானியத்தில் உண்டாகும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைப்பதால், முளைகட்டிய மாவில் காய்ச்சும் கூழ் கெட்டிப்படுவதில்லை. எனவே அதே பதத்தில் அதிக மாவைப் போட முடிகிறது. 

இந்தக் கணக்கில் விலை உயர்ந்த பொருள் எதுவும் இல்லை. குறையாக இருந்தது அரிசியா, அறிவா என்று கேட்டால் விடை முழுமையாக இரண்டில் ஒன்றன்று. ஆனால் ஏழை வீட்டிலும், இருக்கும் அரிசியைக் கொண்டே செய்யக்கூடியது ஒன்று உண்டு என்பதை இது காட்டுகிறது.

பழக்கங்களும் அவற்றின் காரணங்களும்

1970களின் தொடக்கத்தில் அமெரிக்க உதவியுடன் சிட்னி கேன்டர் நிறுவனம் நடத்திய தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வு 1973இல் வெளிவந்தது. பால்குடி மறக்கும் வயதுக் குழந்தைகளே மிகவும் பாதிக்கப்படுகின்றனர் என்பதும், வறுமையோடு வீட்டுக்குள் உணவு பங்கிடப்படும் முறையும் பழக்கவழக்கங்களும் அதற்குக் காரணம் என்பதும் அதன் முக்கியமான முடிவுகள். அப்போதிருந்த உணவூட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் பெரிய பிள்ளைகளையே சென்றடைந்தன. கொடுத்தனுப்பிய உணவும் வீட்டில் எல்லோருக்கும் பங்காகிவிடும். அல்லது மையத்தில் தின்றதைக் காரணம் காட்டி வீட்டில் ஒரு வேளை குறைக்கப்படும்.

பழக்கங்கள் என்று சொல்லும்போது அவற்றை மூடத்தனம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அப்படி ஒதுக்கிய எந்தப் பிரசாரமும் ஊருக்குள் எடுபட்டதில்லை. சீம்பால் மஞ்சளாகவும் பிசுபிசுப்பாகவும் இருப்பதால் அது கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிய வழக்கம் பல ஊர்களில் இருந்தது. பிறந்த குழந்தையின் நாவில் பெரியவர் ஒருவர் சீனித்தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் 'சேனை வைத்தல்' ஒரு பாசச் சடங்கு; வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. பருப்பும் முட்டையும் கொடுத்தால் மாந்தம் வரும், வாழைப்பழம் சளி பிடிக்கும், வயிற்றுப்போக்கின்போது சாப்பாடு கொடுத்தால் பேதி நிற்காது என்பனவும் பிள்ளையைக் காப்பாற்றும் எண்ணத்தில் எழுந்தவையே. பேதியின்போது உணவை நிறுத்தினால் போக்கு குறைந்ததுபோலத் தோன்றும். ஆனால் அந்த நாட்களில் இழந்த எடையை மீட்பதற்குள் அடுத்த பேதி வந்துவிடும். மாதம் ஒரு படியாகக் குழந்தை கீழே இறங்குவதை உடன் இருப்பவர் கண் காண்பதில்லை. தினமும் பார்க்கும் பிள்ளை எப்போதும் அப்படியேதான் இருப்பதாகத் தோன்றும். தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அதே அளவில் இருந்தால், அதுவே இயல்பான அளவாகவும் ஆகிவிடும்.

ஊட்டக்குறைவுக் கல்வியின் முதல் தடை இதுதான். நோய் என்று தெரியாத ஒன்றுக்கு மருந்து சொல்ல முடியாது.

தராசும் அட்டையும்

கண்ணுக்குத் தெரியாததைத் தெரியவைக்கும் கருவி ஏற்கனவே இருந்தது. நைஜீரியாவின் இமேசி என்ற கிராமத்தில் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர் டேவிட் மார்லி, குழந்தையின் மாதாந்திர எடையைப் புள்ளிகளாகக் குறித்துக் கோடாக இணைக்கும் வளர்ச்சி அட்டையை வடிவமைத்திருந்தார். கோடு மேலே ஏறினால் நலம், படுத்தால் எச்சரிக்கை, இறங்கினால் ஆபத்து. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கோட்டின் போக்கைப் புரிந்துகொள்ளலாம். குழந்தை இன்று எத்தனை கிலோ என்பது அவ்வளவு முக்கியமன்று. போன மாதத்தைவிட ஏறியிருக்கிறதா என்பதே கேள்வி.

தமிழ்நாட்டுத் திட்டம் இந்த அட்டையை அச்சாணியாகக் கொண்டது. ஏறத்தாழ 1500 பேர் கொண்ட ஊர்ப்பகுதிக்கு ஒரு மையம். அங்கே சமுதாய ஊட்டச்சத்துப் பணியாளர் ஒருவர் மாதந்தோறும் மூன்று வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளையும் எடை போடுவார். தொடர்ந்து எடை ஏறாத குழந்தையும், கடுமையாக நலிந்த குழந்தையும் கூடுதல் உணவுக்குச் சேர்க்கப்பட்டனர். உணவு 90 நாட்களுக்குத்தான். எடை தேறினால் நிறுத்தம். தேறாவிட்டால் தொடர்ச்சியும் மருத்துவப் பரிசோதனையும். எந்தச் சமயத்திலும் பதிவான குழந்தைகளில் ஒரு பகுதியினரே உணவு பெற்றனர். கூடவே வைட்டமின் ஏ திரவம், பூச்சி மருந்து, தடுப்பூசி, பேதிக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் ஆகியனவும் வழங்கப்பட்டன.

பொதுவாக உணவூட்டுத் திட்டங்களில் உணவு ஒரு சலுகை. இங்கே அது பாடத்தின் பகுதி. உணவில் சேர்க்கப்பட்ட பிள்ளையின் தாய், மூன்று மாதத்தில் கோடு மேலே திரும்புவதைத் தன் கண்ணால் பார்க்கிறாள். கொடுத்த சிறு உருண்டைதான் வித்தியாசம் என்பது அவளுக்குத் தெரியும். அதை வீட்டிலும் செய்துகொள்ளலாம் என்று அப்போது சொன்னால் அது ஏறும். உணவு நிறுத்தப்படுவதும் அதே அளவுக்குத் தேவையான பாடம். இனிமேல் இது உன் கையில் என்பதை அது சொல்கிறது. அதே சமயம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்து என் பிள்ளைக்கு ஏன் இல்லை என்று கேட்கும் தாய்க்கு, உன் பிள்ளை நன்றாக வளர்வதால்தான் இல்லை என்று விளக்குவது சிறிய வேலையன்று. அரசு கொடுப்பது எல்லோருக்கும் சமமாக வேண்டும் என்று எண்ணும் ஊரில், அந்த விளக்கத்தை ஏற்கவைப்பது பணியாளரின் பேச்சுத் திறனையும் ஊரார் அவர்மேல் வைத்த நம்பிக்கையையும் பொறுத்திருந்தது.

எடை போட்டால் பிள்ளைக்குக் கண்பட்டுவிடும் என்ற அச்சமும் கிராமங்களில் உண்டு. அதை எதிர்த்து வாதிடுவதைவிட, ஊரில் மதிப்புள்ள ஒரு பெண் முதலில் தன் பேரப்பிள்ளையைத் தராசில் வைத்தால் மற்றவர்களும் வருவார்கள்.

ஊர்க்காரப் பெண்ணே ஆசிரியை

பணியாளரைத் தேர்ந்தெடுத்த முறையில் திட்டத்தின் கூர்மை தெரிகிறது. அதே ஊரில் வசிப்பவராக இருக்க வேண்டும். அடிப்படைக் கல்வி வேண்டும். இயன்றவரை, வறுமையிலும் தன் பிள்ளைகளை ஆரோக்கியமாக வளர்த்த தாயாக இருக்க வேண்டும். பட்டமும் சான்றிதழும் உள்ள வெளியூர்ப் பெண்ணைவிட இவர் சொல்வதற்கு எடை அதிகம். ஏனெனில் அவருடைய பாடத்துக்குச் சான்று அவர் வீட்டு முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ பத்துப் பணியாளர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்து, அடிக்கடி வந்து உடனிருந்து கற்றுக்கொடுத்தார். பதிவேட்டைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டுப் போவதோடு அவர் வேலை முடியவில்லை.

ஊரிலேயே மகளிர் பணிக்குழுக்கள் அமைக்கப்பட்டன. இக்குழுவினர் எடை போடும் நாளில் பிள்ளைகளை அழைத்து வந்தனர். சமையல் செய்முறை காட்டினர். சில இடங்களில் கூடுதல் உணவைத் தயாரிக்கும் பொறுப்பையும் ஏற்றனர். சுவரொட்டி, திரைப்படம், நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சி ஆகியனவும் பயன்பட்டன. என்றாலும் பழக்கத்தை மாற்றியதில் இவற்றைவிடப் பெரிய பங்கு, அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தாயோடு நடந்த ஐந்து நிமிடப் பேச்சுக்கே உண்டு எனலாம். 'குழந்தைகளுக்குச் சத்தான உணவு கொடுங்கள்' என்பது எல்லோருக்குமான செய்தி. ஆகவே யாருக்குமான செய்தியன்று. 'உன் மகள் இந்த மாதம் ஏறவில்லை, போன வாரம் பேதி வந்தபோது என்ன கொடுத்தாய்?' என்பது ஒரு தாய்க்கான கேள்வி. நல்ல பணியாளர் அந்த இடத்தில் பத்து அறிவுரை சொல்லமாட்டார். நாளை முதல் செய்யக்கூடிய ஒன்றை மட்டும் சொல்லி, இரண்டு நாள் கழித்து வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்.

முதல் கட்டம் 1989 வரை நடந்தது. திட்டத்தில் பங்கேற்ற குழந்தைகளிடையே கடுமையான ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்ததாக மதிப்பீடுகள் கூறின. 1990இல் தொடங்கிய இரண்டாம் கட்டம் இன்னும் பல ஒன்றியங்களுக்கு விரிந்தது. முன்பருவப் பள்ளியும் மையங்களோடு இணைந்தது. கடுமையான ஊட்டக்குறைவு மேலும் குறைந்தது. ஆனால் மிதமான ஊட்டக்குறைவு எதிர்பார்த்த அளவு குறையவில்லை. மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் மையத்தை நிரப்பிய பிறகு, பணியாளரின் நேரம் அவர்களுக்கே போய்விடும்; வீட்டுக்குப் போய்ப் பேசும் நேரம்தான் முதலில் சுருங்கும். 1975 அக்டோபர் 2ஆம் நாள் நாட்டின் 33 ஒன்றியங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தோடு, அதாவது அங்கன்வாடி அமைப்போடு, தமிழ்நாட்டுத் திட்டமும் பின்னர் ஒன்றாகிவிட்டது.

தெரிந்தும் செய்ய முடியாத வீடு

தமிழ்நாட்டின் அனுபவத்தை முன்மாதிரியாகக் கொண்டு வங்கதேசத்தில் 1995இல் இதேபோன்ற ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. எடை போடுதல், தேர்ந்தெடுத்த குழந்தைகளுக்கு உணவு, தாய்மாருக்கு ஆலோசனை எல்லாம் அப்படியே பின்பற்றப்பட்டன. அத்துடன் கருவுற்ற பெண்களுக்கும் உணவும் அறிவுரையும் வழங்கப்பட்டன. பல ஆண்டுகள் கழித்து நடந்த மதிப்பீடுகளில் குழந்தைகளின் வளர்ச்சியில் கண்ட முன்னேற்றம் எதிர்பார்ப்பைவிட மிகச் சிறியதாக இருந்தது. உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவு 2005இல் வெளியிட்ட அறிக்கை, அறிந்ததற்கும் செய்வதற்கும் இடையிலான பள்ளத்தை முக்கியமான காரணமாகச் சுட்டியது. தாய்மாருக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. கேட்டால் சரியாகச் சொன்னார்கள். செய்யத்தான் இல்லை.

வங்கதேசக் கிராமங்களில் பல குடும்பங்களில் சந்தைக்குப் போய்ப் பொருள் வாங்குபவர் கணவர். என்ன சமைப்பது, மருமகள் எவ்வளவு உண்பது, குழந்தைக்கு என்ன ஊட்டுவது என்பதை முடிவு செய்பவர் மாமியார். திட்டமோ இளம் தாயை மட்டும் உட்காரவைத்துப் பாடம் நடத்தியது. முடிவெடுக்கும் இருவரும் வகுப்புக்கு வெளியே இருந்தனர்.

தமிழ்நாட்டில் பெண்கள் கடைக்கும் வயலுக்கும் வெளிப்படையாகப் போய்வந்ததால் இந்தத் தடை சற்றுக் குறைவு. இல்லாமல் இல்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் பெண்ணுக்கு முதல் சில மாதங்கள் சொந்தத் தாயின் சொல்லே சட்டம். சேனை வைக்கும் முடிவு பெரியவர்களுடையது. கிராமத்துக் கூட்டத்தில் பாட்டிமாரை முன்வரிசையில் உட்காரவைத்து, அவர்கள் கைப்பக்குவத்தைக் கேட்டு, அதிலிருந்தே பேச்சைத் தொடங்கும் பணியாளருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். முளைகட்டிய கேழ்வரகும், பச்சைப்பயறும், நெய் விட்ட பருப்புச்சோறும் பாட்டிமார் அறியாதவையல்ல. எந்த மாதத்தில், எந்தப் பதத்தில், எத்தனை வேளை என்பதில்தான் திருத்தம் வேண்டும்.

வறுமையிலும் நன்றாக வளர்க்கும் தாயைத் தேடிப் பணியமர்த்திய தமிழ்நாட்டு வழிக்கு நெருங்கிய ஒரு முறை வியட்நாமில் தனியே உருவானது. 1990இன் இறுதியில் ஜெரி ஸ்டெர்னின், மோனிக் ஸ்டெர்னின் தம்பதியர் குழந்தைகள் காப்பு நிதியத்தின் சார்பில் அங்கு சென்று தான்ஹோவா மாநிலத்துக் கிராமங்களில் பணியாற்றினர். எல்லாப் பிள்ளைகளையும் எடை போட்டு, மிக ஏழை வீடுகளில் நன்றாக வளரும் பிள்ளைகள் யாராவது உண்டா என்று ஊராரையே தேடச் சொன்னார்கள். இருந்தனர். அந்த வீட்டுத் தாய்மார் வயலில் கிடைக்கும் குட்டி இறாலையும் நண்டையும் சர்க்கரைவள்ளிக் கீரையையும் சோற்றோடு சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். மற்றவர்கள் இவை சிறு பிள்ளைக்கு ஆகாது என்று ஒதுக்கினார்கள். இரண்டு வேளைக்குப் பதில் நான்கைந்து வேளை சிறிது சிறிதாக ஊட்டினார்கள், பேதியின்போதும் நிறுத்தவில்லை. பயிற்சிக்கு வரும் தாய் ஒவ்வொருவரும் தினமும் ஒரு கைப்பிடி இறாலோ கீரையோ கொண்டுவர வேண்டும் என்பதே நுழைவுக் கட்டணம். அவர்கள் சொற்பொழிவு கேட்கவில்லை. சேர்ந்து சமைத்து, சேர்ந்து ஊட்டினார்கள். கேட்டு அறிந்தபின் பழக்கம் வரும் என்ற வழக்கமான வரிசையை இது திருப்பிப் போட்டது. கை முதலில் பழகியது, மனம் பின்னால் வந்தது. நம் ஊரில் முருங்கைக் கீரைக்கும், நெத்திலிக் கருவாட்டுப் பொடிக்கும், வேகவைத்த முட்டைக்கும் இதே முறை பொருந்தும்.

இன்றைய நிலை

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019-21இல் நடந்தது. அதன்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாட்டின் சராசரியைவிட இது நல்ல நிலை. ஆனால் 6 மாதம் முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. 2015-16இல் நடந்த முந்தைய சுற்றில் இது 51ஆக இருந்தது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் பெற்ற குழந்தைகள் 55 விழுக்காட்டினர்தான். ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நடக்கும் மாநிலத்தில் இந்த எண்ணிக்கை யோசிக்கவைக்கிறது.

திட்டங்களுக்குக் குறைவில்லை. அங்கன்வாடியில் சத்துமாவு வழங்கப்படுகிறது. 2022 மே மாதம் உதகமண்டலத்தில் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. கடுமையாக நலிந்த குழந்தைகளையும் பாலூட்டும் தாய்மாரையும் கண்டறிந்து உதவுவது அதன் பணி. எடை, உயரம் எல்லாம் இப்போது கைப்பேசிச் செயலியில் பதிவாகின்றன. பதிவு மேலிடத்துக்குப் போய்ச்சேர்வது நல்லதே. ஆனால் எண் செயலிக்குள் போனதும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணும் நிலை வந்தால், மார்லியின் அட்டை எதற்காக உருவானதோ அது நடக்காது. கோட்டைப் பார்க்க வேண்டியவர் தாய்.

தடைகளின் முகமும் மாறிவிட்டது. சீம்பாலைக் கொட்டும் வழக்கம் மருத்துவமனைப் பிரசவத்தால் வெகுவாகக் குறைந்தது. அதன் இடத்தில் டீயில் தோய்த்த பிஸ்கட்டும் ஐந்து ரூபாய் நொறுக்குத்தீனிப் பாக்கெட்டும் வந்திருக்கின்றன. டீயில் உள்ள டானின் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கிறது. பாக்கெட் தீனியோ பசியை மட்டும் கொல்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால்மாவு, டப்பா உணவு ஆகியவற்றை விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் தடுக்கின்றன. பிஸ்கட்டுக்கு அப்படிப்பட்ட தடை எதுவும் இல்லை. அழும் பிள்ளைக்கு அதைக் கொடுப்பது அறியாமை என்றும் சொல்ல முடியாது. காலை எட்டு மணிக்கு வேலைக்குப் புறப்படும் தாய்க்கு அதைவிட விரைவான உணவு வேறில்லை. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் எழுபது வயதுப் பாட்டிக்கும் அடுப்பு மூட்டி மசித்து ஊட்டத் தெம்பில்லை. எண்ணெய் சேர்த்த பருப்புச்சோற்றைக் காலையிலேயே செய்து வைத்தால், நம் வெயிலில் மதியத்துக்குள் கெட்டுவிடும். வறுத்து அரைத்து டப்பாவில் வைத்த சத்துமாவுதான் அந்த வீட்டுக்கு ஏற்ற பாடம்; வெந்நீர் ஊற்றி வெல்லம் சேர்த்துப் பிசைய இரண்டு நிமிடம் போதும்.

தாயின் நேரம் என்பது உணவுக் கல்வியில் அதிகம் பேசப்படாத பொருள். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் இதை ஓரளவு எண்ணிப்பார்த்தது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ தாய்மாருடன் வேலைத்தளத்துக்கு வந்தால், அப்பெண்களில் ஒருவரைக் குழந்தைகளைக் கவனிக்க அமர்த்தி அவருக்கும் முழுக் கூலி தர வேண்டும் என்று அது விதித்தது. மரத்தடியில் தொட்டில் கட்டி உட்காரும் அந்தப் பெண்ணுக்கு ஒரு டப்பா சத்துமாவையும் பதம் பார்க்கும் கரண்டியையும் கொடுத்து, ஊட்டும் முறையைக் கற்றுத்தர அங்கன்வாடிப் பணியாளருக்கு அரை நாள் போதும்.